வானப்பிரஸ்தமும் ஊர்த்தொண்டும்

கடோபநிடதம் ஒரு குறையுள்ள கொடையிலிருந்து தொடங்குகிறது. தம்மிடமுள்ள அனைத்தையும் தானமாக வழங்க வேண்டிய வேள்வி ஒன்றை வாஜசிரவஸ் செய்கிறார். தட்சிணைக்காகப் பசுக்கள் ஓட்டிவரப்படுகின்றன. ஆனால் அவை கறவை நின்றவை. மேயவும் நீர் அருந்தவும் வலுவிழந்தவை. இனிக் கன்று ஈனாதவை. வேள்வியின் விதி நிறைவேறிவிட்டது. கொடையின் உயிர் மட்டும் அதில் இல்லை. அதைக் கண்ட சிறுவன் நசிகேதன் உள்ளம் கலங்கி, தன்னை யாருக்குக் கொடுக்கப் போகிறார் என்று தந்தையிடம் மூன்று முறை கேட்கிறான். அவன் யமனின் வாசலுக்குச் செல்வதும், மூன்று இரவுகள் காத்திருப்பதும், ஆன்ம ஞானத்தைப் பெறுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவையே.

பணி ஓய்வு பெற்றபின் தொண்டாற்ற முன்வரும் ஒவ்வொருவர் எதிரிலும் நசிகேதன் நிற்கிறான். உடல் வலிமையும் மனத்தின் வேகமும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் ஊதியத்திற்கும் குடும்பத்திற்கும் செலவாகிவிட்டன. மூட்டு வலியும் மறதியும் தலைகாட்டத் தொடங்கியபின் எஞ்சிய ஆண்டுகள் சமுதாயத்திற்கு அளிக்கப்படுகின்றன. இது உண்மையான கொடையா? அல்லது வாஜசிரவஸின் பசுவா? கேள்வி கடுமையானது. ஆயினும் அதைத் தவிர்த்துவிட்டு ஓய்வுக்காலத் தொண்டின் பெருமையை மட்டும் பேசுவது பயன் தராது.

எல்லைக் கிராமங்களின் தேவை

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டம் அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. குடும்பங்களில் அவ்வளவு தெளிவாக இல்லை. அக்காள் ஒரு மாநிலத்திலும் தங்கை மறு மாநிலத்திலும் வாழ்க்கைப்பட்டிருப்பார்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவது அங்கே இயல்பு.

இத்தகைய ஊரில் முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்தால் என்ன ஆகும்? மக்கள் வெளியூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலையில் இருக்கிறார்கள். பணம் வந்துவிடுகிறது, ஆனால் பணத்தால் புரட்டிப் படுக்க வைக்க இயலாது. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த மூதாட்டிக்கு மலையாளத்தில் வரும் விண்ணப்பத்தை நிரப்பித் தர ஆள் வேண்டும். ஒரு மாநிலத்தின் அட்டையை வைத்துக்கொண்டு மறு மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் தங்கியிருப்பவருக்கு, எந்த அலுவலகத்தை அணுகுவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் வரை துணைக்குச் செல்ல ஒருவர் வேண்டும். இவை எவையும் பெரிய நிதியைக் கேட்பவை அல்ல. நேரத்தையும் பொறுமையையும் கேட்பவை. இந்த இரண்டும் ஓய்வு பெற்றவர்களிடம் இருக்கின்றன, அல்லது இருக்கக்கூடும்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர். கேரள அரசுப் பணியில் நெடுங்காலம் 55 வயதிலேயே ஓய்வு அளிக்கப்பட்டது. 2012-இல் அது 56 ஆயிற்று. அங்கே பலர் எழுபத்தைந்து வயதுக்கு மேலும் வாழ்கிறார்கள். ஆகவே ஓய்வுக்குப் பின் இருபது ஆண்டுகள் எஞ்சுகின்றன. பிறந்து, பயின்று, தொழில் கற்று முடிக்கும் காலத்திற்கு ஏறத்தாழ ஈடான காலம் அது. அதை வாழ்வின் மிச்சம் என்று கூறுவது தவறு. அது வாழ்வின் ஒரு முழுப் பகுதி.

காடு எங்கே இருக்கிறது?

இந்தப் பகுதிக்கு நம் மரபு முன்பே பெயரிட்டுள்ளது. பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், துறவு என்னும் நான்கு நிலைகளுள் மூன்றாவது அது. தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரக்குழந்தையின் முகத்தைக் கண்டபின் இல்லறத்தான் காட்டை நோக்கிச் செல்ல வேண்டும் என்று தரும நூல்கள் விதித்தன. காடு என்பது மரங்கள் அடர்ந்த இடம் மட்டுமன்று. ‘எனது வீடு, எனது நிலம், எனது சொல்’ என்னும் உரிமைகள் செல்லுபடியாகாத இடமே காடு. அங்கே ஒருவர் அதிகாரியும் அல்லர், குடும்பத் தலைவரும் அல்லர்.

இன்று ஓய்வு பெற்றவர் அகத்தியமலைக்குச் செல்ல வேண்டியதில்லை. தம் ஊரிலேயே, இதுவரை தாம் காலடி வைத்திராத ஒரு வீட்டின் திண்ணை அவருக்குக் காடாக அமையக்கூடும். முப்பது ஆண்டுகள் அதே சாலையில் பேருந்துக்காக நின்றவருக்கு, அந்தச் சாலையிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளச் செல்லும் அன்று வானப்பிரஸ்தம் தொடங்குகிறது. 1972-இல் ஏக்நாத் ரானடே கன்னியாகுமரியில் தொடங்கிய விவேகானந்த கேந்திரம், ஓய்வு பெற்றபின் முழுநேரத் தொண்டுக்கு வருபவர்களை வானப்பிரஸ்தத் தொண்டர்கள் என்றே அழைக்கிறது. பழைய சொல் புதிய பொருளைத் தாங்கும் வலிமை உடையது என்பதற்கு அது சான்று.

கேரளத்தில் இந்தப் புதிய பொருள் ஓர் இயக்கமாகவே உருவெடுத்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புக்கென ஒரு சங்கம் தோன்றியது. மருத்துவமனைக்கு வர இயலாத நோயாளிகளே மிகுதி என்பதை அதன் மருத்துவர்கள் விரைவில் உணர்ந்தார்கள். நோயாளி வர இயலாவிட்டால் அக்கம்பக்கத்தார் அவரிடம் செல்ல வேண்டும். இதுதான் அவர்கள் கண்ட வழி. தொண்ணூறுகளின் இறுதியில் மலப்புறம், கோழிக்கோடு பகுதிகளில் அண்டை வீட்டார் கூட்டமைப்புகள் தோன்றின. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய எவரும் தொண்டராகலாம். பதினாறு மணி நேர வகுப்பும், நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் அவருக்கு அளிக்கப்பட்டன. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. ஊரார் ‘பாலியேட்டிவ்’ என்று வழங்கும் அந்தப் பராமரிப்புக்காக, ஊராட்சிகளிலிருந்து செவிலியர் வீடு வீடாகச் செல்லும் முறை மாநிலமெங்கும் பரவியது. செவிலியர் மாதத்தில் சில முறையே வர இயலும். இடைப்பட்ட நாள்களில் அந்த வீட்டுக்குச் செல்பவர் பக்கத்துத் தெருவின் ஓய்வு பெற்ற ஆசிரியராகவோ, அஞ்சல் ஊழியராகவோ இருந்தால் அந்த வீட்டின் தனிமை பாதியாகக் குறைகிறது.

தொண்டின் பெயரில் தொடரும் பதவி

ஓய்வு பெற்றவரின் தொண்டில் ஓர் ஆபத்து உண்டு. அலுவலகத்தை விட்டு வெளியே வந்தவர் நாற்காலியை மனத்தில் சுமந்துகொண்டே வருகிறார். தலைமையாசிரியராக இருந்தவர் நோயாளியின் குடும்பத்தாரை மாணவர்களாகக் கருதி அறிவுரை கூறுகிறார். மேலாளராக இருந்தவர் சக தொண்டர்களிடம் வருகைக் கணக்குக் கேட்கிறார். அமைப்பில் பத்துப் பேர் இருந்தால் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் என்று ஐந்து பதவிகள் முளைக்கின்றன. நோயாளியின் வீட்டுக்குச் சென்ற நேரத்தைவிட, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று விவாதித்த நேரம் மிகுந்துவிடுகிறது.

இதை வெறும் மனித பலவீனம் என்று சிரித்து ஒதுக்க இயலாது. இதன் வேர் ஆழமானது. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் ஒருவர் இழப்பது ஊதியத்தை மட்டுமன்று. தாம் இன்றியமையாதவர் என்னும் உணர்வையும் இழக்கிறார். அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே தொண்டுக்கு வந்தால், அங்கே பயன்படுத்தப்படுபவர் ஏழை. தொண்டருக்குத் தம் முக்கியத்துவம் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு துன்பப்படுபவர் தேவைப்படுகிறார். இந்நிலையில் துன்பம் தீர்ந்துவிடுவதைக்கூடத் தொண்டரின் உள்மனம் விரும்பாது.

பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கொடையை மூவகையாகப் பிரிக்கிறது. கொடுப்பது கடமை என்ற உணர்வோடு, கைம்மாறு எதிர்பாராமல், இடமும் காலமும் தகுதியும் அறிந்து கொடுப்பது சாத்துவிகம். பயனை நாடியோ மனம் நொந்தோ கொடுப்பது இராஜசம். பெறுபவரை மதியாமல் இகழ்ந்து கொடுப்பது தாமசம். இங்கே கைம்மாறு என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நன்றி கைம்மாறு; மேடை கைம்மாறு; நாளிதழில் வரும் புகைப்படம் கைம்மாறு; ‘அவர் இல்லையென்றால் இந்த அமைப்பே இல்லை’ என்ற ஒரு சொல் எல்லாவற்றிலும் இனிய கைம்மாறு. பணத்தை மறுப்பவர்கள் பலர். அந்தச் சொல்லை மறுப்பவர் சிலரே.

அப்படியானால் தூய மனம் வாய்க்கும்வரை தொண்டு செய்யாமல் இருப்பதா? கர்ம யோகம் அவ்வாறு கூறவில்லை. கலப்புள்ள நோக்கத்தோடு தொடங்கினாலும், வேலை உண்மையானதாக இருந்தால் வேலையே நோக்கத்தைக் கழுவும். படுக்கைப் புண்ணைத் துடைக்கும் கைக்குப் பதவி நினைவில் நிற்பதில்லை. ஆகவே அமைப்பின் தலைவரும் பொருளாளரும் வாரம் ஒரு முறையேனும் ஒரு நோயாளியின் அருகில் அமர்ந்து பணிசெய்ய வேண்டும். கூட்டங்களில் மட்டும் தொண்டாற்றுபவரைத் திருத்த வேறு மருந்து இல்லை.

பெறுபவரின் மானம்

1884-ஆம் ஆண்டில் ஒருநாள் தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் உயிர்களிடம் காட்டும் கருணையைப் பற்றிப் பேசத் தொடங்கி, இடையில் நிறுத்தினார். புழுவைப் போன்ற மனிதன் பிறருக்குக் கருணை காட்ட யார் என்று அவர் வினவினார். கருணை அன்று, சிவமாகவே அறிந்து செய்யும் சேவையே உரியது என்றார். அங்கிருந்த இளைஞர் நரேந்திரர் அந்தச் சொல்லின் ஆழத்தை உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் சுவாமி விவேகானந்தராக, 1897-இல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கியபோது அந்தக் கருத்தே அதன் அடித்தளமாயிற்று. 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து குமரிமுனையை நோக்கிச் சென்ற பரிவிராஜகரின் உள்ளத்தில், நாடெங்கும் கண்ட ஏழைகளின் துயரம் கனன்றுகொண்டிருந்தது. கடைசிப் பாறையில் அமர்ந்து அவர் சிந்தித்தவற்றுள், கிராமம் கிராமமாகச் சென்று தொண்டாற்றும் துறவிகளின் திட்டமும் ஒன்று.

சிவமாக அறிதல் என்பது கேட்பதற்கு உயர்ந்த தத்துவம். அன்றாட நடைமுறையில் அது மிக எளிய சில செயல்களாக வெளிப்படுகிறது. கோயிலுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றுபவர், ஓலைக்குடிசைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். இறைவனிடம் உரக்கக் கட்டளையிடுவதில்லை. முதிய நோயாளியிடமும் அவ்வாறே. இறைவனுக்குப் படைப்பதை ஊராருக்கு விளம்பரம் செய்வதில்லை. அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பது அந்த வீட்டின் துன்பத்தைத் தெருவில் விரித்து வைப்பதாகும். கொடுக்கும்போது நாணமும் அச்சமும் கொடுப்பவரிடத்தில் இருக்க வேண்டும் என்பது தைத்திரீய உபநிடதத்தின் அறிவுரை. உலக வழக்கில் நாணம் வாங்குபவருக்கு உரியது. உபநிடதம் அதை இடம் மாற்றி வைக்கிறது.

நெய்யாற்றங்கரைக்கு இந்த உண்மை அயலானது அன்று. 1888-இல் ஸ்ரீநாராயண குரு, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் மதப் பகைமையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் முன்மாதிரி இடம் அது என்ற கருத்து அங்கே பொறிக்கப்பட்டது. சிவன் யாருடைய உடைமையும் அல்லன் என்பதை அந்தக் கல் உணர்த்தியது. அந்த ஆற்றின் கரையில் தொண்டாற்றுபவர் நோயாளியின் சாதியையோ மதத்தையோ மொழியையோ அரசியல் கட்சியையோ கேட்டால், கரையின் பெருமையை மறந்தவராகிறார்.

உரிமையும் தருமமும்

இங்கே மற்றொரு தரும வினாவும் எழுகிறது. அரசு செய்ய வேண்டியதைத் தொண்டர்கள் செய்யத் தொடங்கினால், அரசின் கடமை மறக்கப்படாதா? முதியோர் ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் குடிமகனின் உரிமை. உரிமையாகப் பெற வேண்டியதைத் தருமமாகப் பெறும்போது மனிதர் சற்றுக் குனிய நேர்கிறது. ஆகவே நல்ல தொண்டர் அரிசிப் பையோடு முதலில் செல்வதில்லை, விண்ணப்பத்தோடு செல்கிறார். அந்த மூதாட்டிக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வூதியம் ஏன் நின்றுபோயிற்று என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்கிறார். உரிய சான்று இல்லையென்றால் பெற உதவுகிறார். அரசின் கை எட்டாத இடத்தில் மட்டும் அமைப்பின் பணத்தைச் செலவிடுகிறார்.

இந்த வேலைக்கு ஓய்வு பெற்ற அரசு ஊழியரைவிடத் தகுந்தவர் யார்? கோப்பு எந்த மேசையில் நிற்கும், எந்த விதியின்கீழ் எழுத வேண்டும், யாரிடம் மரியாதையாகவும் யாரிடம் உறுதியாகவும் பேச வேண்டும் என்பதெல்லாம் முப்பது ஆண்டு அனுபவத்தில் அவருக்குப் பாடம். பணியில் இருந்தபோது மேசைக்கு அந்தப் புறம் அமர்ந்திருந்தார். இப்போது இந்தப் புறம், ஏழையின் அருகில் நிற்கிறார். நாற்பது வயதில் அவரால் இதைச் செய்திருக்க முடியாது. வாஜசிரவஸின் பசுவுக்கும் இந்த முதியவருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது. பசுவிடம் கொடுப்பதற்கு எதுவும் எஞ்சவில்லை. முதுமைக்கோ இளமையிடம் இல்லாத செல்வங்கள் சில உண்டு: அனுபவம், அவசரமின்மை, மரணத்தைப் பற்றி அருகிலிருந்து பேசும் துணிவு. அவற்றைக் கொடுப்பவர் முதல்தரமானதையே கொடுக்கிறார். அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, போகாத பொழுதை மட்டும் கொடுப்பவரே வாஜசிரவஸ்.

பணக்கணக்கும் இதில் அடங்கும். ஊரார் தரும ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும் தரும்போது பற்றுச்சீட்டு எழுதுவதும், மாதந்தோறும் வரவு செலவை அனைவரும் காணும்படி வைப்பதும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். பிறர் பொருளைக் கையாளும்போது காட்டும் துல்லியம் ஒரு சாதனை. ஜபமாலையின் மணியைத் தவறவிடாதவர் பேரேட்டின் வரியையும் தவறவிடலாகாது.

ஓய்வே பெறாதவர்கள்

ஓய்வுக்காலத் தொண்டைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மை மறைந்துவிடுவது வழக்கம். ஓய்வு என்பது ஊதியம் பெற்றவர்களுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு முப்பது ஆண்டுகள் சமைத்துப் போட்ட மனைவி ஓய்வு பெறுவதில்லை. பாலராமபுரத்தில் தறி நெய்தவருக்கும், மரவள்ளித் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவருக்கும் ஓய்வு நாள் என்று ஒன்று குறிக்கப்படவில்லை. கை ஓயும்போதுதான் அவர்களுக்கு ஓய்வு. கணவர் காலை உணவு முடித்து ஊர்த்தொண்டுக்குப் புறப்படும்போது, வீட்டில் படுத்திருக்கும் அவருடைய தாயை மனைவி பார்த்துக்கொள்கிறார் என்றால், அந்தத் தொண்டின் பாதிப் புண்ணியம் யாருடையது?

ஊருக்குத் தொண்டாற்றுபவர் முதலில் தம் வீட்டின் படுக்கையறையைக் காண வேண்டும். தாய்க்குக் கஞ்சி ஊட்டாத கை ஊராருக்கு ஊட்டும்போது அதில் ஏதோ குறை இருக்கிறது. வீட்டுச் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் மனைவியும் தொண்டுக்கு வர இயலும். நோயாளி பெண்ணாக இருக்கும்போது பெண் தொண்டரே தேவைப்படுகிறார். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் வழியாக வீட்டை விட்டு வெளியே வந்து பொதுப் பணியைக் கற்ற கேரளப் பெண்கள் பலர் இன்று முதுமையை அடைகிறார்கள். அவர்கள் ஓய்வூதியம் பெறாதவர்கள்; ஆயினும் ஊரை அறிந்தவர்கள். அவர்களை உதவியாளர்களாக அன்றி, அமைப்பை நடத்துபவர்களாக ஏற்பது நியாயம்.

வழிகாட்டிய மூவர்

முதுமையில் தொண்டைத் தொடங்கியவர்களுக்குத் தென்னாட்டில் பஞ்சமில்லை. மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 58 வயதில் ஓய்வு பெற்றார். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர் அவர். ஓய்வு பெற்ற அதே ஆண்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழந்த ஏழைகளுக்கு இலவசமாகவும் மிகக் குறைந்த செலவிலும் சிகிச்சை அளிக்கும் பெரும் நிறுவனமாக அது வளர்ந்தது. ஸ்ரீஅரவிந்தரின் வழியில் நின்ற அவருக்கு, அறுவைச் சிகிச்சைக் கூடமே தியான அறையாக இருந்தது.

கேரளத்தின் பி. என். பணிக்கர் ஆசிரியராக இருந்து, 1945 முதல் நூலக இயக்கத்தைக் கட்டியெழுப்பியவர். 1977-இல் அந்த இயக்கத்தின் பொறுப்பு அரசிடம் சென்றபோது அவருக்கு வயது 68. தாம் வளர்த்ததைப் பிறர் கையில் விட்டுவிட்டு, எழுத்தறிவுப் பணிக்கெனக் கான்ஃபெட் என்னும் புதிய அமைப்பைத் தொடங்கினார். அவர் மறைந்த ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மூன்றாமவர் நெய்யாற்றின்கரைக்கே உரியவர். காந்தியடிகளின் சீடரும் சாந்திநிகேதனில் பயின்றவருமான டாக்டர் ஜி. ராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்தரத்துடன் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். மாநிலங்களவை உறுப்பினர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று உயர்ந்த பொறுப்புகள் பல வகித்தார். எழுபது வயதைக் கடந்தபின் நெய்யாற்றின்கரையின் ஊருட்டுக்கலைக்குத் திரும்பி, தம் அன்னையின் பெயரால் மாதவி மந்திரம் லோக சேவா அறக்கட்டளையைத் தொடங்கினார். 1995-இல் மறையும் வரை காந்திய நெறியில் நின்றார். பெரிய நிறுவனத்தைக் கட்டியவர் முதுமையில் அதன் நிழலில் அமர்ந்திருக்கலாம். அவர் சொந்த ஊரில், சிறிய அளவில், மறுபடியும் தொடங்கினார்.

மூவரிடமும் பொதுவாக ஒன்று காணப்படுகிறது. கடந்த காலத்தின் பெருமையை அவர்கள் மூலதனமாக்கிக்கொள்ளவில்லை. கடந்த காலத்தில் கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது ஓய்வு

ஊர்த்தொண்டில் ஈடுபடும் முதியவருக்கு இன்னும் இரண்டு சோதனைகள் காத்திருக்கின்றன. முதலாவது, தொண்டு அமைப்பிலிருந்தும் ஓய்வு பெறுவது. அரசு ஓய்வு நாளைக் குறித்துத் தருகிறது. தொண்டு அமைப்பில் அதைத் தாமே குறித்துக்கொள்ள வேண்டும். எண்பது வயதிலும் செயலாளர் பொறுப்பை விடாதவரின் அமைப்பு, அவரோடு சேர்ந்தே நோயுறுகிறது. புதிதாக ஓய்வு பெற்று வருபவருக்குச் சாவியையும் பேரேட்டையும் கொடுத்துவிட்டு, அவர் அழைத்தால் மட்டும் ஆலோசனை கூறுவதற்கு மிகுந்த மன உரம் வேண்டும். பதவியை வயது பறித்துக்கொண்டபோது வராத வைராக்கியம், தாமாகவே பொறுப்பைக் கொடுக்கும்போது கைகூடுகிறது.

இரண்டாவது சோதனை மேலும் கடினமானது. நேற்றுவரை நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றவர் ஒருநாள் தாமே படுக்கையில் விழுகிறார். அவருடைய வாசலில் வேறு ஒரு தொண்டர் வந்து நிற்கிறார். வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பழகியவருக்குப் பெறுவது அவமானமாகத் தோன்றுகிறது. ‘எனக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவர் இதுவரை செய்த தொண்டில் ஒரு பிழை ஒளிந்திருந்தது என்று பொருள். பெறுவது இழிவு என்று உள்ளூர எண்ணியவரே பெறும்போது கூசுகிறார். அப்படியானால் அவரிடமிருந்து பெற்றவர்களை அவர் எவ்வாறு எண்ணியிருந்தார்? அவர்களுள் சிவத்தை உண்மையாகக் கண்டிருந்தால், இன்று தம்முள்ளும் அதே சிவம் வீற்றிருப்பதையும், அதற்கு மற்றொருவர் பூசை செய்ய வந்திருப்பதையும் அவர் அறிவார், மறுக்கமாட்டார். கொடுத்தவர், பெற்றவர், கொடை மூன்றும் ஒன்றே என்னும் அத்வைத உண்மை, நூலில் படித்தபோது விளங்காமல் இருந்தாலும், அந்தப் படுக்கையில் விளங்கக்கூடும்.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று வழங்கும் பழைய பலா மரத்தின் அடிப்பகுதி பாதுகாக்கப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பகைவர் துரத்திவந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது மக்கள் வழக்கு. அந்த மரம் காய்த்துக் குலுங்கிய காலத்தில் எத்தனையோ பேர் அதன் பழத்தை உண்டிருப்பார்கள். அவர்களை எவரும் நினைவில் வைக்கவில்லை. முதிர்ந்து, உள்ளே வைரம் உளுத்து வெறுமையான பின்புதான் ஒருவருக்கு அடைக்கலம் தரும் இடம் அதனுள் உண்டாயிற்று. இளமரத்தில் பொந்து இருப்பதில்லை.

நசிகேதனின் கேள்விக்கு வாஜசிரவஸ் சினத்தோடு விடையளித்தார். ஓய்வு பெற்றவர் அமைதியாக விடையளிக்கலாம். எஞ்சியிருப்பது வயது முதிர்ந்த உடல்தான். ஆனால் அதனுள் ‘நான்’ என்னும் வைரம் கரைந்து இடம் உண்டாகியிருந்தால், துன்பத்தால் துரத்தப்பட்டு வரும் ஒருவர் சற்று நேரம் ஒதுங்க அது போதும். எல்லையின் இந்தப் புறமோ அந்தப் புறமோ, அடுத்த தெருவின் கடைசி வீட்டில் யாரோ ஒருவர் காலடி ஓசைக்காகக் காத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு மணி நேரம் என்பது அவருக்குச் சிறிய காலம் அன்று.